அம்மாவுக்குத் திரும்பிய ஞாபகம்

நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் மூளைக்கும் பரவி, பெற்ற மகளையே யாரென்று அம்மாவைக் கேட்க வைத்திருந்தது. அந்தக் கட்டியை மட்டும் குறிவைக்கும் மாத்திரையைத் தொடங்கியபின் பேச்சும் ஞாபகமும் ஒவ்வொன்றாகத் திரும்பின. மகளுக்குப் போன உயிர் வந்தது போலிருந்தது.

ஒரு காலை அம்மா கேட்டாள்: “உன் தம்பி எங்கடி? இன்னும் எந்திரிக்கலையா?”

மகள் ஒற்றைப் பிள்ளை. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினாள். “கட்டியெல்லாம் கரைஞ்சிடுச்சும்மா. மூளை சுத்தமா இருக்கு,” என்றார் அவர்.

தம்பி கதையைக் கேட்டால் சிரிப்பார் என்று நினைத்து அப்பாவிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பேர் ஏதாவது சொன்னாளா?”

இல்லையென்று மகள் தலையாட்டினாள்.

“அப்ப அது ஞாபகம் வர்றதுக்குள்ள மாத்திரைய நிறுத்திடலாம்.”