பச்சை வயர்

குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று தங்கை கூப்பிட்டதால் வந்த எலக்ட்ரீஷியன், சமையலறைப் பிளக்கின் முன் குந்தியிருக்கிறான். டெஸ்ட் லேம்பின் ஒரு முனை நியூட்ரலில் இருக்கிறது. மறுமுனையை எர்த்தின் பச்சை வயரில் வைக்கிறான். எரியவே கூடாத பல்பு பளீரென்று எரிகிறது. கசியும் கரண்டை மண்ணில் இறக்கிவிட வேண்டிய வயரிலேயே கரண்ட் நிற்கிறது. வேலியே பயிரை மேய்கிறது. அவன் கண் வயரோடு ஜன்னலுக்கு வெளியே போகிறது. இரும்புத் தண்ணீர்க் குழாயில் வயர் இறுக்கமாகத்தான் கட்டியிருக்கிறது. ஆனால் குழாய் மண்ணில் இறங்கும் இடத்தில் புத்தம்புது பிளாஸ்டிக் துண்டு ஒன்று வெயிலில் வெள்ளையாக மின்னுகிறது. பிளாஸ்டிக்கைத் தாண்டிக் கரண்ட் மண்ணுக்குப் போகாது, குழாயிலேயே நிற்கும். “இதை யாரு மாத்தினது?” “அவருதாண்ணே. ஒழுகுதுன்னு போன வாரம் மாத்தினாரு. குழாய் சுருக்குங்குதுன்னா, உனக்குப் பிரமைங்கறாரு.” “மாப்பிள்ளை எங்க?” “இப்பத்தான் ஹீட்டரைப் போட்டுட்டுக் குளிக்கப் போனாரு.” குளியலறையிலிருந்து பாட்டு வருகிறது. பாட்டுக்கு நடுவே, வாளியின் அடியை மக்கு கரகரவென்று சுரண்டுகிறது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. அடுத்துக் கை போகும் இடம் குழாய்தான். “மாப்பிள்ளை, குழாயைத் தொடாதீங்க!” பாட்டு நிற்கவில்லை. அவன் வாசலுக்கு ஓடி மெயினை இழுத்து இறக்குகிறான். மின்விசிறி தளர்கிறது, ஃப்ரிட்ஜின் முனகல் அடங்குகிறது. பாட்டும் நின்றுவிட்டது. தங்கை குளியலறைக் கதவில் இரண்டு கைகளையும் பதித்து நிற்கிறாள், தட்டப் பயம். உள்ளே சத்தமே இல்லை. அவன் கை இன்னும் மெயினை விடவில்லை. “யாருடா அது, கரண்டை நிறுத்தினது? தலை பூரா சோப்பு!” தங்கை கதவிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த திட்டையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டுகிறாள்.