படத்துக்குக் கீழே ஒரு வரி

"நாப்பது போட்டோவுக்கு நாலு நாளா?"

தங்கராசு கேட்டதும் அனுப்பிரியா எழுந்து நின்றாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ் அவருடையது. ரெடிமேட் டெம்ப்ளேட்டில் பெயரையும் படத்தையும் மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. இந்த வாரம் சிதம்பரத்துப் புடவைக்கடை ஒன்று.

"ஒவ்வொரு படத்துக்கும் அதுல என்ன இருக்குன்னு எழுதற கட்டம் இருக்கே சார். அத நிரப்பிட்டிருக்கேன்."

"அத யாரு பாக்கப்போறா? ஸ்கிரீன்லயே தெரியாது. கூகுளுக்குத்தான் அது. 'சிதம்பரம் நம்பர் ஒன் புடவைக்கடை, குறைந்த விலை'ன்னு நாப்பதுலயும் ஒரே வரிய ஒட்டு. தேடுறவங்களுக்கு நாமதான் மொதல்ல வரணும். நம்ம ஆபீஸ் சைட்டுக்கே அப்படித்தான் செஞ்சேன்."

அவள் தலையாட்டினாள்.

மத்தியானம் அவர் சாப்பிட்டுத் திரும்பியபோது ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாம்பழ மஞ்சள். பார்டர் ரெண்டு விரல் அகலம். முந்தியில சின்னச் சின்ன அன்னம். இப்ப புரியுதுங்களா? சரி, அடுத்தது கேளுங்க."

"இங்க உக்காந்து புடவை அரட்டையா? அதான் நாலு நாளு."

"சார், அது வந்து..."

"திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம். போனக் குடு." பிடுங்கிக் காதில் வைத்தார். "யாருங்க அது?"

"நாந்தான்டா தம்பி."

தில்லையம்மாள். சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய அக்கா. சர்க்கரையில் கண்பார்வை போய் ஆறு வருஷம்.

"உனக்கு போன் பண்ணா எப்பவும் மீட்டிங்கும்ப. போன மாசம் ஆபீசுக்குப் போட்டேன், இந்தப் பொண்ணு எடுத்துச்சு. என் போனு எல்லாத்தையும் படிச்சுக் காட்டும்ல? உன் சைட்டுக்குப் போயி, ஆபீஸ் திறப்பு விழாவுல நான் விளக்கேத்துன போட்டோவத் தேடுனேன். எந்தப் படத்தத் தொட்டாலும் 'கடலூர் நம்பர் ஒன், குறைந்த கட்டணம்'னே சொல்லிச்சு. சரி, நம்ம போட்டோவ எடுத்துட்டான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தங்கராசு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதத்தான் இதுகிட்ட சொன்னேன். மறுநாளே மாத்திடுச்சு. 'பச்சைப் புடவையில் அக்கா குத்துவிளக்கு ஏற்றுகிறார். தம்பி அவர் கையைப் பிடித்திருக்கிறார்.' தெனம் ஒரு தடவ கேக்குறேன். அதுலேர்ந்து எது எழுதுனாலும் எனக்குப் படிச்சுக் காட்டி, புரியுதான்னு கேட்டுக்கும். உங்கிட்ட சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன். நீ சங்கடப்படுவ."

அனுப்பிரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வரேன் சார்."

"அந்தப் பொண்ணு கொரலா?" என்றாள் அக்கா. "இன்னும் பதினோரு புடவை பாக்கின்னுச்சே. அதுக்குள்ள எங்கடா கெளம்புது?"