யாரும் வராத படம்

'கருமாதி ஈரம்கூடக் காயல. அதுக்குள்ள சினிமாவா?'

லீலாவின் வாயில் போட்ட முறுக்கு கடிபடவில்லை. நாலு வரிசை முன்னால், ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பது கவிப்ரியாவேதான். சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் லீலா குடியிருக்கும் அதே அடுக்குமாடி புளோக், ஒரு மாடி கீழே.

சாவு வீட்டிலேயே எல்லோரும் பேசினார்கள். "புருஷனைத் தூக்குறப்பகூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே! மனசைக் கல்லுல செஞ்சு வச்சிருக்கா" என்று எதிர்வீட்டுப் பூவம்மா சொன்னபோது, லீலாவும் சேர்ந்து தலையாட்டியவள்தான்.

தேக்கா பக்கத்துக் கொட்டகை. புதன் மதியக் காட்சி. மொத்தமே இவர்கள் இரண்டு பேர்தான்.

லீலா இந்தப் படத்துக்கு வருவது மூன்றாவது தடவை. பெரிய நடிகர் கிடையாது, குத்துப்பாட்டு கிடையாது. இட்லி மாவு விற்கிறவளாக ஒரு துணை நடிகை. மகன் செத்த சேதி போனில் வரும். அழமாட்டாள். மாவுப் பையைக் கட்டுகிற நூல் மட்டும் ரெண்டு சுற்று கூடுதலாகச் சுற்றும்.

அந்த ரெண்டு சுற்றுக்காகவே புளோக் வாட்ஸ்அப் குழுவில் நாலு பத்தி எழுதினாள் லீலா. 'அழாமலே நம்மை அழ வைக்கிறாரே, இதுதான்யா நடிப்பு!'

வழக்கம்போலக் கட்டைவிரல்கள் வந்தன. ஆள் வரவில்லை.

"வாரத்துக்கு ஒரே ஷோ, அதுவும் காத்து வாங்குது. இந்த மாசக் கடைசிப் புதன் கூட்டம் வந்தா தொடர்ந்து போடறோம். இல்லேன்னா தூக்கிடுவோம்மா" என்று போன வாரமே கொட்டகை மேலாளர் கையை விரித்துவிட்டார். லீலா விடுகிறவளா? அடுத்த வாரம் வரப்போகும் அந்தப் புதனுக்காக, ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஆட்டுக்குட்டி ஒன்று மாவுப் பானையைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. முன்னால் கவிப்ரியாவின் தோள் குலுங்கியது.

சிரிக்கிறாள்! புருஷன் போனதுக்கு அழாதவள், ஆட்டுக்குட்டிக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்!

இடைவேளை விளக்கு எரிந்ததுதான் தாமதம், லீலா எழுந்து போனாள்.

"என்ன கவி, காமெடி பிரமாதமோ?"

கவிப்ரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தன. துப்பட்டா முனை பல்லுக்கிடையில் நனைந்து கிடந்தது.

"லீலாக்கா… வீட்டுல சொல்லிடாதீங்கக்கா. ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அழுதியா? அந்த ஆட்டுக்குட்டி சீனுக்கா?"

"எந்த ஆட்டுக்குட்டி?"

லீலா மெதுவாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல அழ முடியலக்கா. மாமியாருக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு. நான் கண்ணைக் கசக்குனாலே அவங்களுக்கு மூச்சு வாங்குது. பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டு அழுதா, வருண் கதவைத் தட்டுறான். 'அம்மா, அப்பா உள்ள இருக்காரா'ன்னு."

லீலா முறுக்குப் பையை மடியில் சுருட்டி வைத்தாள்.

"சாங்கி ஏர்போர்ட்ல வேலை செய்யுற இடத்துல எப்பவும் நாலு பேரு. புளோக்குக் கீழ உட்கார்ந்தா அங்கிள்மாருங்க விசாரிக்கிறாங்க. எம்ஆர்டி ரயில்ல அழுதா போனைத் தூக்கிப் படம் புடிக்கிறாங்க லா. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கான். இதுக்குத்தான் இல்ல."

"அதுக்கு… ஏன் இந்தப் படம்?"

கவிப்ரியா தயங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க ஆஹா ஓஹோன்னு எழுதுற படத்துக்கு யாருமே வரமாட்டாங்க. உங்க மெசேஜைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் லீலா உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

"அடுத்த புதன் அவரு பொறந்த நாள். கேக் வெட்டணும்னு வருண் இப்பவே சொல்லிக்கிட்டிருக்கான். சாயங்காலம் அவன் முன்னாடி சிரிக்கணும்னா, மதியமே அழுது முடிச்சிடணும். அன்னிக்கும் இங்க காலியாத்தானக்கா இருக்கும்?"

லீலா காலி இருக்கைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"காலியாத்தான் இருக்கும். நம்ம ஆளுங்க எப்ப நல்ல படத்துக்கு வந்திருக்காங்க?"

விளக்கு அணைந்தது. லீலா சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டாள். மூன்று தடவையில் முதல் தடவையாக, அந்த நூல் சுற்றும் காட்சியைப் பார்க்காமல்.

ரயில் நிலையப் படியில் இறங்கும்போது போன் அடித்தது. புளோக்கின் இளைஞர் கூட்டத்துக்குத் தலைவன் ஸ்ரீநாத்.

"அக்கா, ஜெயிச்சிட்டீங்க! என் ஆபீஸ் ஆளுங்களும் வர்றாங்க. அடுத்த புதன் ஹவுஸ்ஃபுல் லா! படம் பொழைச்சிடுச்சுக்கா!"

எத்தனை நல்ல படங்களுக்காக இந்த ஒரு வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தாள்!

"அப்புறம் பேசறேன்டா."

நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிச்ச முறுக்குப் பையின் வாயில் ரப்பர் பேண்டைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். ரயில் ஒன்று வந்து போனது.

பிறகு போனை எடுத்து, குழுவில் எழுதினாள்.

'மன்னிச்சுக்குங்க, இன்னொரு தடவை பார்த்தேன். மகா அறுவை. மாவு விக்கிற அந்தப் பொம்பளைக்கு நடிக்கவே தெரியல. புதன்கிழமை யாரும் போய்டாதீங்க.'