சம்பந்தமில்லாதவர்கள்

திரையில் அவளுடைய மகன் சாலையைக் கடந்தான்.

சட்டென்று படத்தை நிறுத்தினாள்.

நாலு வருடம் ஆயிற்று அவனைப் பார்த்து. கொஞ்சம் சதை போட்டிருந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை, அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு. தனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் அவளுக்கு இதுதான் வேலை. காரின் முன்கண்ணாடியில் மாட்டிய கேமரா விபத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் படம் கோர்ட்டுக்குப் போகுமுன், விபத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களின் முகங்களை மறைத்துவிட வேண்டும். அது சட்டம். பிரதி எடுக்கக் கூடாது, வெளியே மூச்சு விடக் கூடாது. செல்போனைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கண்ணை யாரும் வாங்கி வைப்பதில்லை.

மகனுக்குப் பின்னால் ஒரு கடையின் மஞ்சள் பெயர்ப்பலகை. அதன் அடியில் பொடி எழுத்தில் முகவரி. வீட்டுச் செருப்போடு நடக்கிறான் என்றால் பக்கத்தில்தான் குடியிருக்க வேண்டும். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்.

நாளைக்கே போய் நிற்கலாம். அவன் கூட்டிவந்த பெண்ணை வாசற்படி ஏறவிடாமல் விரட்டிய அதே வாயால் மன்னிப்புக் கேட்கலாம். குழந்தையை ஒரு தடவை தூக்கிக்கொள்ளலாம்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கும் பொத்தானில் விரலை வைத்தாள்; எடுத்துவிட்டாள்.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பலகை வெறும் மஞ்சள் திட்டாகிவிட்டது. முதலில் அதை மறைத்தாள். அடுத்து மகனின் முகத்தை. அதற்கப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழந்தையை ஆசை தீரப் பார்த்தாள். ஆசை தீரவில்லை. அந்த முகத்தையும் மறைத்தாள்.

சாயங்காலம் மேலதிகாரி வந்தார். அவள் மகன் வயதுதான் இருக்கும்.

"கடை போர்டை மறைக்கணும்னு எந்த ரூல்லயும் இல்லையேம்மா?"

கைதவறிவிட்டது என்றாள்.

போன வருடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தபோது, அங்கிருந்த இன்ஸ்பெக்டரும் இப்படித்தான் அம்மா என்று கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க பையனைக் கண்டுபிடிச்சிட்டோம்மா. நல்லாத்தான் இருக்கார். எங்க இருக்கார்னு உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னுட்டார்."