ஏழாவது மூட்டை

விசில் ஊதியபோது ஜீவராஜ் பத்தாவது மூட்டையின் வாயைக்கூடக் கட்டவில்லை.

பக்கத்தில் விநாயகம் பன்னிரண்டையும் முடித்துவிட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்து பீடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

“இன்னாடா ஜீவா, பொழுது சாயறதுக்குள்ள சோறு துன்னுட்ற ஆளு நீ. மூட்டை கட்டச் சொன்னா மட்டும் விடியவிடியக் கட்டுவியா?”

ஜீவராஜ் நிமிரவில்லை. சணலை இழுத்து முடிச்சுப் போட்டான். பதினோராவதை எடுத்தான்.

செஞ்சிக் கோட்டை. 1964, சித்திரை மாதம்.

ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியம்தான் இன்றைக்கு ராணுவக் கிடங்கு. மலை உச்சிதான் எல்லைச் சாவடி. பாறை பழுக்கக் காயும் வெயிலைப் பனி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். உச்சியில் பன்னிரண்டு பேர் பட்டினி கிடக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பொட்டலங்களில் இருப்பது வெறும் மணல். அரிசி என்று சீட்டு ஒட்டினால் அரிசி. உப்பு என்று ஒட்டினால் உப்பு.

ஐம்பது நிமிடத்தில் பன்னிரண்டு மூட்டை. சப்ளை ஆட்களுக்கு அதுதான் பரீட்சை. தேறினால் எல்லைக்குப் போகலாம். மூன்று முறை தவறினால் ஆயுசுக்கும் ஆபீஸ் மேஜைதான்.

ஜீவராஜுக்கு இது மூன்றாவது முறை.

வேகமாகக் கட்டும் வழி அவனுக்குத் தெரியாமல் இல்லை. அரிசி ஆறு மூட்டை, உப்பு ஒன்று, பருப்பு மூன்று, மண்ணெண்ணெய் ஒன்று, சில்லறைச் சாமான் ஒன்று. ஒரு மூட்டைக்கு ஒரே சரக்கு. கட்டவும் சுலபம், எண்ணவும் சுலபம். கிடங்கு ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள்.

அவன் மட்டும் ஒவ்வொரு மூட்டையிலும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தான். அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, தகர டப்பாவில் மண்ணெண்ணெய். முதல் முறையும் அப்படித்தான் தோற்றான். இரண்டாம் முறையும்.

“அரிசியோட கிருஷ்ணாயிலா? சோறு நாறும்டா!”

“நாறினாலும் சோறுதான்.”

பதினோரு நிமிடம் தாமதம். புதிதாக வந்திருந்த கேப்டன் கோதண்டராமன் அதைத் தாளில் குறிக்கச் சொன்னார். அவருடைய இடது கை காலையிலிருந்து கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. திமிர் என்றான் விநாயகம், காதோரமாக.

“தோத்தவனும் ஏறணும்,” என்றார் கேப்டன்.

ஆட்கள் மூட்டைகளைச் சுமந்து ஏறினார்கள். உச்சிக்குச் சற்று முன்னால், பாறை பிளந்து கிடக்கும் இடத்தில், பாலத்தை மறித்துக்கொண்டு நின்றார் கேப்டன்.

“பாலம் உடைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் போறது ஒரே ஒரு மூட்டை. ஏழாவது.”

யோசிக்காமல் சொன்னார்.

விநாயகத்தின் ஏழாவது மூட்டையைப் பிரித்தார்கள். உப்பு. அடிவரைக்கும் உப்பு.

“பன்னிரண்டு பேருக்கு,” என்றார் கேப்டன். விநாயகம் பீடியை மறைத்துக்கொண்டான்.

ஜீவராஜின் ஏழாவதைப் பிரித்தார்கள். அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய். ஒவ்வொன்றாகப் பாறைமேல் எடுத்துவைக்க, கேப்டன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்படிக் கட்ட எங்க கத்துக்கிட்ட?”

“தப்பு பண்ணி, சார். ரெண்டு வருஷம் முன்னாடி வடக்கே கிடங்குல இருந்தேன். அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி கட்டி முடிச்சேன். முதுகுல தட்டிக் குடுத்தாங்க. பிளேன்லேர்ந்து போட்ட பன்னிரண்டுல ஒண்ணுதான் சாவடியில இருந்தவங்க கைக்குக் கிடைச்சுதாம்.”

“எந்தச் சாவடி?”

“பதினேழு, சார்.”



கேப்டன் இடது கையைப் பையிலிருந்து எடுத்தார். கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் இருந்தது. நடுவில் மூன்றையும் பனி தின்றிருந்தது.

விநாயகம் தலையைக் குனிந்துகொண்டான். ஜீவராஜ் குனியவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ள நின்றான்.

கேப்டன் தாளைப் பாறைமேல் வைத்து, அந்த இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பதினோரு நிமிடம் என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. அதன் கீழே, அனுப்பவேண்டிய இடம் என்ற கட்டத்தில், ஒரு எண்ணை எழுதி நீட்டினார்.

அந்த எண்ணை ஜீவராஜ் முன்பே தன் கையால் எழுதியிருக்கிறான். அவர்கள் கைக்குக் கிடைத்த அந்த ஒற்றை உப்பு மூட்டையின் மேல்.