பத்து வயது குறைய

“யாரு அக்கா அந்த ஆளு?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

நாகவல்லி கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கரையான்சாவடி மெயின் ரோட்டில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மாடியில் இருந்தது சாமுண்டீஸ்வரியின் பியூட்டி பார்லர். நாற்பத்து மூன்று வயது வரை கல்யாணமே ஆகாத ஒருத்தி, வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதல் முறையாகப் படியேறி வந்து, “பத்து வயசு கொறச்சுக் காட்டணும், இன்னிக்கே” என்று நின்றால், யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது?

“ஆளெல்லாம் ஒண்ணுமில்ல. கிட்ட வந்து உத்துப் பாப்பாங்க. அப்பவும் முப்பத்தி மூணுதான் தெரியணும். முடியுமா, முடியாதா?”

“கிட்ட வந்து உத்துப் பாப்பாங்களாமே,” என்று சாமுண்டீஸ்வரி சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்ணுக்குக் கீழே ஒற்றினாள். “இப்டி ஒத்துனா வீக்கம் அடங்கிடும். பவுடர இனிமே அப்பாதக்கா, சுருக்கத்துல போய் ஒக்காந்துக்கும். மை மேல் இமைக்கு மட்டும் போதும். கீழ வச்சா கண்ணு குழியாத் தெரியும்.”

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல நாகவல்லி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நரைக்குச் சாயம் பூசியாயிற்று. இழுத்துப் போட்ட கொண்டை தளர்ந்து பின்னலாயிற்று. முடியைக் காதோரம் ஒதுக்கும்போது சாமுண்டீஸ்வரியின் கை நின்றது. கம்மல் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டை தூர்ந்துபோகாமலிருக்க இரண்டு ஈர்க்குச்சித் துண்டுகள் செருகியிருந்தன.

“இன்னாக்கா இது? மூஞ்சிய எவ்ளோ பண்ணாலும் மொட்டக் காது வயசக் காட்டிக் குடுத்துடும்.”

“போன வருசம் அம்மாவ ஆஸ்பத்திரில சேத்தப்போ வித்துட்டேன்.”

சாமுண்டீஸ்வரி தன் காதிலிருந்த கவரிங் ஜிமிக்கியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். “நாளைக்குக் குடு, போதும். அவரு அசந்துடுவாரு பாரு.”

“அவரு இல்ல. எங்கம்மா,” என்றாள் நாகவல்லி. “எங்கம்மாவுக்கு நான் என் தங்கச்சியாத் தெரியணும்.”

தங்கை பேபி பதினோரு வருடத்துக்கு முன், வீட்டில் வேண்டாமென்று சொன்னவனையே கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனவள். நான்கு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அம்மா கெங்கம்மாளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. இப்போது டாக்டரும் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கெங்கம்மாள் படுத்த படுக்கையில், கஞ்சிகூட இறங்காத வாயால், “பேபியக் கூப்புடு, பேபியக் கூப்புடு” என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேபிக்கென்று முந்தானையில் எதையோ முடிந்தும் வைத்திருந்தாள். புடவை மாற்றிவிடும்போதுகூட அந்த முடிச்சை நாகவல்லி தொட்டுவிடக் கூடாது. நாகவல்லிக்கு வயிறு எரியத்தான் எரிந்தது. அள்ளிக் கொட்டிக் கழுவிவிடுகிறவள் ஒருத்தி, முடிச்சு இன்னொருத்திக்கு. இருந்தாலும் பெற்றவள் ஏக்கத்தோடு கண்ணை மூடக் கூடாதே.

பஸ் பிடித்து வானகரம் வீட்டுக்கு வந்தபோது, துணைக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு முனியம்மா அவளைப் பார்த்து ஒரு கணம் மலைத்துவிட்டாள். பிறகு, பேசி வைத்தபடி குனிந்து, “பெரிம்மா, பேபி வந்துகீது பாரு,” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள்.

கெங்கம்மாளின் கண்ணில் புரை. நாகவல்லியின் முகத்தை இழுத்துத் தன் மூக்கருகே வைத்துக்கொண்டு பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள். விரல் ஜிமிக்கியைத் தொட்டதும் அதை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.

“வந்துட்டியாடி பேபி. காதுல நல்லாப் போட்டுகினு கீற.”

“வந்துட்டேம்மா.” அக்கா தங்கை இருவருக்கும் குரல் ஒன்றுதான்.

“உங்க அக்கா ஊட்ல கீறாளா?”

“இல்லம்மா. கம்பெனிக்கு வேலைக்குப் போய்கீது.”

“கதவச் சாத்து. அவளுக்குத் தெரியக் கூடாது.”

 இத்தனை செய்தும் கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம்தான் தன் இடம். நாகவல்லி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கெங்கம்மாளின் விரல்களுக்கு முடிச்சு அவிழவில்லை. “நீ அவுரு,” என்றாள். உள்ளே இரண்டு சிவப்புக்கல் கம்மல்கள் இருந்தன. அம்மாவுக்கு நைனா வாங்கிக் கொடுத்தவை. போன வருடம் நாகவல்லி தன் கம்மலை விற்ற மறுவாரமே, பெட்டியிலிருந்து காணாமல் போய்விட்டதாக அம்மா சொன்னவை. அன்று அவற்றைத் தேடி நாகவல்லி வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருந்தாள்.

இருக்கட்டும், செல்லப் பெண்ணுக்கு ஒளித்து வைத்திருக்கிறாள், வேறென்ன. போட்டுக் காட்டினால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று ஜிமிக்கியைக் கழற்றப் போனாள். கெங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உனக்கில்லடி. காதுல ஈர்க்குச்சியச் சொருகிகினு கீறாளே உங்க அக்கா, அவளுக்கு. நீயே போட்டு உடு. நான் குடுத்தா, அத்தயும் வித்து எனக்கே மருந்து வாங்கியாந்துடுவா.”