யாருக்கும் அடிபடக்கூடாது

“ஒருத்தருக்கு அடிபட்டாலும் அடுத்த ரேஸுக்கு பர்மிஷன் கிடையாது” என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய போட்டி டிரையத்லான். அதற்காக வைட்ஃபீல்டில் கவியரசன் தொடங்கிய கிளப்பில் முதலில் மூன்று பேர், இப்போது முப்பது. இன்றுதான் முதல் ரேஸ். ரோடு காலியாக இருக்குமென்று ஆயுதபூஜைக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான்.

நீச்சல்குளத்திலிருந்து எல்லோரும் பத்திரமாக ஏறி, சைக்கிளில் கிளம்பினார்கள். கவியரசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உடனே நோக்கியா அலறியது. திருப்பத்தில் காவலுக்கு நின்ற ஹரிஷ்.

“அண்ணா, வித்யா விழுந்துட்டா! ரோடெல்லாம் ஒரே சிவப்பு!”

கவியரசன் பைக்கில் பறந்தார். வித்யாலட்சுமி முழங்காலைப் பிடித்தபடி நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“ரத்தமா?”

“இல்லைண்ணா, பூசணிக்காய். எவனோ திருஷ்டி சுத்தி இங்கேயே உடைச்சிருக்கான். வீல் வழுக்கிடுச்சு. காலை ஊன முடியல.”

ஹரிஷ் கொதித்தான். “நேத்து சாயங்காலம் நீங்கதானே ரூட் முழுக்கப் பார்த்தீங்க? அப்ப இல்லியா?”

கவியரசன் பூசணித் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“எந்த மடையன்ணா அவன்? கையில மட்டும் சிக்கட்டும்...”

“அப்புறமா திட்டு. அண்ணா, கையைக் குடுங்க, எழுந்துக்கறேன்” என்றாள் வித்யா.

முதல் ரேஸில் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, நேற்று பூசணிக்காய்க்குள் குங்குமத்தைத் திணித்த வலது கையில் இன்னும் சிவப்பு போகவில்லை. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கவியரசன் இடது கையை நீட்டினார்.